புளி ஒட்டிய பக்கம்

அரசாங்கம் எனக்குக் கொடுத்திருந்த அதிகாரங்களை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை எந்தக் கடைக்குள்ளும் நுழையலாம். தராசைக் கையில் வாங்கலாம், எடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கலாம், பெட்டியைத் திற என்று சொல்லலாம், மூட்டையை அவிழ் என்று சொல்லலாம். சந்தேகம் வந்துவிட்டால் பறிமுதல் செய்யலாம். சந்தேகம் ஏன் வந்தது என்று கடைக்காரர் என்னைக் கேட்க முடியாது. இத்தனை அதிகாரத்தோடு நான் கொடைக்கானலில் குடியிருந்த வாடகை வீட்டில், பின்கட்டு அறையை வீட்டுக்காரர் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். அதைத் திறக்கச் சொல்லும் துணிச்சல் எனக்குக் கடைசிவரை வரவில்லை. துணி காயப்போட இடமில்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்க ஈரச் சட்டையோடு அலைந்து ஊராரின் எடையைச் சரிபார்த்தேன்.

முத்திரை இன்ஸ்பெக்டர் என்பது என் உத்தியோகம். கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவரும் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசு முத்திரை குத்தித் தரவேண்டும். மற்ற நாட்களில் அந்த முத்திரைக்கு அவர்கள் மரியாதை கொடுக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். வீசை, பலம் என்ற பழைய எடைகள் போய்க் கிலோ வந்த புதிது. கிலோ என்று சொல்லி அரசாங்கம் எடையைக் குறைத்துவிட்டது என்று பாதிப் பேர் சொன்னார்கள், விலையை ஏற்றிவிட்டது என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டு தரப்பும் சண்டைக்கு என்னிடம்தான் வந்தார்கள்.

மலைக்கு என்னோடு ஏறி வந்த சொத்து ஒரு மரப்பெட்டி. உள்ளே பச்சைத் துணி விரித்து, பித்தளையில் மாதிரி எடைகள். அவற்றைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். கை வேர்வை பட்டால் எடை மாறிவிடும் என்பது விதி. கொடைக்கானலில் வேர்ப்பதற்கு வழியே இல்லை. இருந்தாலும் நான் இடுக்கியை விடவில்லை.

பஜாரில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்காரர் பழனி அடிவாரத்திலிருந்து மலையேறி வந்து கடை வைத்தவர். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி, வாயில் பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூக்கால் என்ற மலைக்கிராமத்திலிருந்து மட்டக்குதிரைகளின் முதுகில் பூண்டு மூட்டைகள் அவர் கடைக்கு வந்து இறங்கும். கூக்காலுக்கு அப்போது பஸ் என்பது வந்தால் உண்டு. அந்த ஊர்ச் சனம் பூண்டை இவரிடம் போட்டுவிட்டு, அரிசி, பருப்பு, உப்பு என்று வாரத்துக்கு வேண்டியதை இவரிடமே வாங்கிக்கொண்டு போகும்.

அதில் ஒரு வழக்கம். மலையில் கட்டின மூட்டையைப் பஜாரில் அவிழ்க்கக் கூடாது. ஊரிலேயே நிறுத்துக் கட்டி, இத்தனை எடை என்று சொல்லி இறக்குவார்கள். கடைக்காரர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு மூட்டையை லாரியில் ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே கமிஷன் மண்டியில்தான் முடிச்சு அவிழும்.

அந்தக் கடையைப் பற்றிப் பஜாருக்கு ஒரே ஒரு குறை. கொசுறு கிடையாது. மற்றக் கடைகளில் என்ன வாங்கினாலும் ஒரு பிடி பொரிகடலையோ ஒரு கொத்துக் கருவேப்பிலையோ சும்மா வரும். இவர் தராசு காட்டினதற்கு மேல் ஒரு கடுகு தரமாட்டார். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டு அங்கேயே போய் வாங்குவார்கள். அது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்கத் தோன்றியது எதிர்க்கடைக்காரருக்கு. ஒருநாள் காலையில் வெள்ளனே என் ஆபீசுக்கு வந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கடையில கள்ளத் தராசுங்க. எம்பேரு வெளிய வரக்கூடாது."

"எப்படித் தெரியும்?"

"ஊரே அங்கதானங்க போகுது. நாயமான தராசா இருந்தா அம்புட்டுக் கூட்டம் வருமா?"

ஊரை ஏமாற்றும் கடைக்கு ஊர் ஏன் போகிறது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கச் சொல்லிச் சட்டத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. என் பியூனைச் சாதாரண ஆள் மாதிரி அனுப்பி அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிவரச் செய்தேன். மாதிரி எடையை இடுக்கியால் எடுத்து வைத்து நிறுத்தேன். பருப்பு கூட இருந்தது. என் பித்தளை எடைகள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, அவற்றை ஒன்றோடொன்று வைத்துச் சோதித்தேன். அவை யோக்கியமாகத்தான் இருந்தன. மறுநாள் சர்க்கரை வாங்கிவரச் சொன்னேன். அதுவும் கூட. பியூன் மூன்றாவது முறையும் போகத் தயாராக இருந்தான். தன் வீட்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுவதாகச் சொன்னான்.

அன்று மத்தியானமே கடைக்குள் நுழைந்தேன். தராசை வாங்கி வெறும் தட்டோடு தூக்கிப் பிடித்தேன். முள் சாய்ந்தது. தட்டுக்கு அடியில் விரலை விட்டேன். புளி. கொட்டை நீக்கி, நன்றாகப் பிசைந்து, வட்டமாகத் தட்டி ஒட்டியிருந்தது.

என் உத்தியோகத்தில் புளி புதிதல்ல. ஆனால் நான் பார்த்த புளியெல்லாம் சரக்குப் போடும் தட்டின் அடியில் இருக்கும். அப்போதுதான் சரக்கு குறையும், கடைக்காரர் பிழைப்பார். இங்கே புளி எடைக்கல் வைக்கும் தட்டின் அடியில் இருந்தது. எடைக்கல்லோடு புளியின் பாரமும் சேர்ந்து, ஒவ்வொரு தடவையும் சரக்குதான் கூடப் போயிருக்கிறது. வேலை தெரியாத திருடர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"யார் ஒட்டினது?"

"நாந்தாங்க."

"பக்கம் மாறி ஒட்டிட்டீங்களா?"

"இல்லங்க."

"பின்னே ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார். கேள்வி கேட்க எனக்கு அதிகாரம் இருந்தது. பதிலை வெளியே இழுக்க இல்லை. நான் தராசைத் துணியில் சுற்றும்போது, "தைப்பூசம் வரைக்கும் விட்டுருங்கய்யா" என்று மட்டும் சொன்னார். ஏன் தைப்பூசம் என்று கேட்டேன். அதற்கும் தரைதான். எனக்குப் புரியாத எதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தரும். அன்றும் தந்தது.

பறிமுதலுக்கு இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். பஜாரில் ஒரு கையும் நீளவில்லை. எல்லார் வீட்டுப் பருப்பும் அந்தத் தராசில் வந்தது. புகார் கொடுத்த எதிர்க்கடைக்காரருக்கு அன்று பார்த்துக் கைச்சுளுக்கு. கடைசியில் சீசனுக்கு வந்திருந்த ஒரு புதுமணத் தம்பதி, ஏரிக்குப் போகிற வழியில், என்ன ஏது என்று கேட்காமல் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெண் கணவர் பெயரோடு சேர்ந்த தன் புதுப் பெயரை முதன்முதலாக எழுதிப் பார்த்த இடம் என்னுடைய பறிமுதல் பத்திரமாக இருக்கலாம்.

மதுரையில் இருந்த மேலதிகாரிக்கு டிரங்கால் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"குறையவா, கூடவா?" என்றார்.

"கூடங்க சார்."

"சட்டத்துல பொய்த் தராசுன்னுதான் போட்டிருக்கு. கூட நிறுத்தா அது பொய் இல்லையா? கேஸைப் போடும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கூக்கால் சனம் சந்தைக்கு வந்தது. கடையில் தராசு இல்லை. இரவல் தராசில் கடைக்காரர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மத்தியான வாக்கில் ஒரு பெண்பிள்ளை என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும், தலையில் கம்பளி முக்காடு, காலில் சேறு. பூண்டு போடும் கூக்கால் வீடுகளுக்கெல்லாம் அவள்தான் வாய்.

"எங்க தராசக் குடுங்க" என்றாள்.

"உங்க தராசா?"

"அது கடையில இருந்தாத்தான் எங்க கணக்கு ஓடும். வெரசாக் குடுத்தீங்கன்னா சோலியப் பாத்துட்டுப் போவேன்."

அது பொய்த் தராசு, அதைத் தரமுடியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்தது.

"பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதா? முன்னாடி புளி அந்தப் பக்கம் இருந்துச்சு. வீட்டுல போயி அளந்து பாத்தா அரிசி கொறையும். நாங்க ஒண்ணும் கேக்கல. பூண்டக் காயவிடாம ஈரத்தோட கட்டுனோம். சரியாப் போச்சு. அப்பறம் புளி பக்கம் மாறிடுச்சு. அரிசி கூட வந்துச்சு. அடுத்தவன் அரிசி நமக்கு எதுக்கு? நல்லாக் காயவச்சு, நாலு பிடி கூடப் போட்டுக் கட்டுனோம். அதுவும் சரியாப் போச்சு. இப்ப நீங்க நடுவுல வந்து தராசத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. நாங்க ஈரமாக் கட்டுறதா, காயவச்சுக் கட்டுறதா?"

"இதை ஏன் அவரிடம் சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? அவரும்தான் சொல்லல."

என் பச்சைத் துணிப் பெட்டியைக் காட்டி, எடை என்றால் எடை, அதற்கு இரண்டு பக்கம் கிடையாது என்று கொஞ்சம் பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "மூட்டைய அவுத்துப் பாக்கப் போறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பச் சரி" என்று போய்விட்டாள்.

இரண்டொரு நாளில் கடைக்காரர் வந்தார். பலத்த மழை, மேகம் ஜன்னல் வழியாக ஆபீசுக்குள் வந்து பைல்களின்மேல் உட்கார்ந்திருந்தது. பியூனை வெளியே அனுப்பச் சொன்னார். அவர் அத்தனை நேரம் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கடை வச்ச நாள்ல இருந்து புளி சரக்குத் தட்டுலதான் இருந்துச்சுய்யா. ஒருத்தரும் கேக்கல. அப்பறம் எம் பொண்டாட்டி படுத்துட்டா. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. பழனிக்குப் போயி மலை மேல நின்னேன். அவள எந்திரிக்க வையி, எத்தன வருசம் எடுத்தேனோ அத்தன வருசம் திருப்பிக் குடுத்துர்றேன்னு சொன்னேன். எந்திரிச்சுட்டா. இப்பத் தண்ணிக் கொடம் தூக்குறா. வர்ற தைப்பூசத்தோட நேர்த்திக்கடன் முடியுது. நடுவுல நின்னு போச்சுன்னா…"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் நிஜமாகவே பரிதாபமாக இருந்தது. அதிகாரி பரிதாபப்பட்டால் உடனே யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவான். நானும் சொன்னேன்: தராசு நேராக இருக்கட்டும், நிறுத்து முடித்தபின் ஒரு பிடி கையால் அள்ளிக் கூடப் போடுங்கள், அதைச் சட்டம் கேட்காது.

"கொசுறா?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்ட மாதிரி. "கையால அள்ளிக் குடுத்தா கும்புட்டுட்டுப் போவாங்கய்யா. திருடுனவனுக்குக் கும்புடா? அவங்களுக்குத் தெரியாம எடுத்தேன். தெரியாமத்தான் திருப்பணும்."

அந்தக் கடையில் ஏன் கொசுறு கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பஜார் முழுக்க அவரைக் கஞ்சன் என்று திட்டியதை அவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போகும்போது, பேச வந்த பேச்சோடு இதையும் சொல்லிவிடலாம் என்பதுபோல நின்றார். "ஆனா ஒண்ணுங்க. நான் எடுத்துக்கிட்டு இருந்தப்ப, பூண்டு ஒட்டன்சத்திரம் போனா எடை கொறையும். வழியில காஞ்சுபோச்சும்பான் மண்டிக்காரன். திருப்பிக் குடுக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து எடை கூட நிக்கிது. நான் குடுக்கக் குடுக்க அவன் எனக்குத் திருப்பி விடுறான்." அவன் என்றது முருகனை. பழனி இருக்கிற திசையில் கையைக் கூப்பினார்.

முருகன் கூக்காலில் கம்பளி முக்காடு போட்டுக்கொண்டு பூண்டு உலர்த்துகிற விஷயம் எனக்கு முந்தின ஞாயிறே தெரியும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்களே தவிர, கண்டுபிடித்ததை யாரிடம் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கேஸ் விசாரணைக்கு வந்தது. மாஜிஸ்திரேட் என் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதுல யாருக்கு நஷ்டம்?"

"கடைக்காரருக்குத்தாங்க."

"அவர் புகார் கொடுத்தாரா?"

"இல்லைங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காரணம் கேட்டபோது அங்கேயும் தரையைத்தான் பார்த்தார். சட்டம் விட்டுவைத்த அளவுக்குக் குறைந்த அபராதம் போட்டு, கூடவே ஒரு உத்தரவும் போட்டார் மாஜிஸ்திரேட்: தராசு மறுபடி முத்திரை ஆகவேண்டும், இனி அந்தக் கடையில் விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் அந்தத் தராசில் நிறுத்தே நடக்கவேண்டும், முதல் சந்தையன்று இன்ஸ்பெக்டர் கூட இருந்து பார்க்கவேண்டும்.

வெளியே வந்ததும் கடைக்காரர் என் பக்கத்தில் வந்தார். மொட்டை போட்டு முடித்தவர் முகம் மாதிரி அவர் முகம் லேசாக இருந்தது. "எடுத்த காலத்துல ஒருத்தரும் என்னயக் கேக்கல. இப்பக் கேட்டுட்டீங்க. திருடன்னு கூண்டுல நிறுத்தி தண்டமும் போட்டாச்சு. பாக்கிய முருகன் இதுல கழிச்சுக்குவான்" என்றார். ஊரார் தன்னைத் திருடன் என்று பேசுவதில் அவருக்கு ஒரு நிம்மதி. எடுத்த வருஷங்களில் யோக்கியர் என்று பெயர் வாங்கியவர், கொடுத்த வருஷங்களில் தண்டனை வாங்கினார். இந்தக் கணக்கை எந்த மாதிரி எடையை வைத்து நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. புதிதாக முத்திரை குத்திய தராசு கடையில் தொங்கியது. நான் சட்டத்தின் சார்பில் கடை ஓரமாக நின்றேன். மட்டக்குதிரைகள் வந்தன, மூட்டைகள் இறங்கின. அந்தப் பெண்பிள்ளை எடையைச் சொல்லிவிட்டு பருப்புக்குப் பையை நீட்டினாள்.

"இரு தங்கச்சி, நிறுக்கணும். கோர்ட்டு உத்தரவு" என்றார் கடைக்காரர்.

அவள் முகம் மாறியது. "மலையில கட்டுன மூட்டயப் பஜாருல அவுக்குறதா? இது என்னண்ணே புதுப் பழக்கம்?" என்று என்னைப் பார்த்தாள். அவிழ்க்கத்தான் வேண்டும் என்றேன். அப்போது எனக்கே அந்த அதிகாரம் கசந்தது.

முடிச்சை அவிழ்த்தார். பூண்டு கலகலவென்று காய்ந்திருந்தது. தட்டுத் தட்டாக நிறுத்துக் குவித்தார். அவள் சொன்ன எடை வந்தது. மூட்டையில் இன்னும் பூண்டு கிடந்தது. அதையும் நிறுத்தார். சும்மா நாலு பிடி அல்ல. அவர் கட்டின அபராதத்தை, தங்களுக்குக் கூட நிறுத்ததால் வந்த தண்டம் என்று கூக்கால் சனம் பூண்டாகப் பங்கு போட்டுக் கட்டியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. அதற்கு முன்னால் உள்ளதும் ஒவ்வொன்றாகப் புரிவது முகத்தில் தெரிந்தது. பூண்டுப் பல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எப்ப இருந்து?" என்றார்.

அவள் குதிரைப் பக்கம் பார்த்தாள். "நீங்க பக்கம் மாத்துனதுல இருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஈரமாக் கட்டுனோம்."

கடைக்காரர் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முருகனுக்குக் கொடுத்த வாக்கும், வருஷக்கணக்கில் திருப்பிக் கொடுத்ததும், ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கே திரும்பி வந்திருக்கிறது. எடுத்ததும் எடுத்ததாக நிற்கவில்லை, கொடுத்ததும் கொடுத்ததாக நிற்கவில்லை. எல்லாவற்றையும்விட, எடுத்த காலத்திலேயே அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாரா வாரம் வந்து அவரை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அப்ப நான் குடுத்தது… என் வேண்டுதல்…" என்று இழுத்தார். அவர் பார்வை வீட்டுப் பக்கம் போனது. பயந்த பார்வை.

"அண்ணி எந்திரிச்ச மாசந்தான் பக்கம் மாறுச்சு. எங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்றாள் அவள். "இப்ப அண்ணி நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா."

"பெறகென்ன? கணக்கு எப்பவும் நேராத்தான் கெடக்கு. எந்திரிச்சுப் பருப்பப் போடுங்க. குதிரக்காரன் கெளம்பிருவான்."

அவர் எழுந்தார். பருப்பை நிறுத்தார். முள் நேராக நின்றது. ஒரு மயிரிழை இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. நான் குத்திய முத்திரை வேலை செய்தது. அவள் இந்தத் தடவை வெளிப்படையாகவே இரண்டு தட்டின் அடியிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடத் தோன்றியது. பருப்பைப் பையில் கொட்டிக்கொண்டாள். போகவில்லை. பையின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன தங்கச்சி?"

"கொசுறு."

அந்தக் கடையில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் பொரிகடலை டப்பாவைத் திறந்தார். ஒரு பிடி அள்ளினார். அதை அவள் பையில் போட்டுவிட்டு, கையை உடனே பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் கும்பிட்டுவிடுவாளோ என்று அவர் பயந்து நின்றது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவள் கும்பிடவில்லை. பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடு இன்னொரு பிடி அள்ளிப் போட்டார். எவ்வளவு என்று நானும் நிறுத்துப் பார்க்கவில்லை.